கம்பளி தாடை வரைக்கும்தான், அக்கா

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். தேவிகுளம் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்து வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வயது 61. மகன் வேலையில் இருப்பதால் வீடு இன்னும் எங்கள் கையில் இருக்கிறது. போன செப்டம்பரில் மதுரையில் தூக்கப் பரிசோதனை எடுத்தோம். மணிக்கு 38 தடவை மூச்சு தடைபடுகிறது என்று சொல்லி மாஸ்க் வழியாகக் காற்றை ஊதுகிற சிபாப் மிஷின் கொடுத்தார்கள். தண்ணீர் டப்பா வைத்த மிஷின். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுகிற பெரிய மாஸ்க். இரண்டு மாதம் ஒழுங்காகப் போட்டார். குறட்டை நின்றது, எனக்கும் பல வருடம் கழித்துத் தூக்கம் வந்தது. மார்கழிக் குளிர் இறங்கியதும் வம்பு ஆரம்பித்தது. மூஞ்சி விறைக்கிறது என்கிறார். டியூபுக்குள் தண்ணீர் களக் களக் என்று சத்தம் போடுகிறது, சில ராத்திரி மூக்கிலேயே சொட்டுகிறது. இப்போது மாஸ்க்கோடு சேர்த்துக் கம்பளியைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். நான் பயந்துபோய் இரண்டு மணிக்கு எழுந்து இறக்கிவிடுகிறேன், அவர் மறுபடி இழுக்கிறார். "காத்து வெளிய இருக்கிற மிஷின்ல இருந்துதானே வருது, நான் உள்ள மூடினா உனக்கென்ன?" என்று கேட்கிறார். காலையில் தலை பாரம் என்கிறார். அவருக்கு சுகர் உண்டு. முன்பு பீடி குடிப்பார், விட்டு எட்டு வருடம் ஆகிறது. போர்த்தாமல் படுக்க வேண்டுமென்றால் ரூமில் கரி நெருப்பு வைக்கச் சொல்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். நீங்கள் எழுதினால் படிப்பார்.

– ஒரு வாசகி, தேவிகுளம்

பதில்:

அக்கா, அண்ணன் படிப்பார் என்று சொல்லிவிட்டீர்கள். அதனால் அவர் பக்கத்து நியாயத்தையும் பேசிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் கேட்ட கேள்வியில் பாதி சரி.

அதற்கு முன்னால் கரி நெருப்பு. அது வேண்டாம். ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்தாலும் வேண்டாம், கொஞ்ச நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடலாம் என்றும் வேண்டாம். கரி கனன்று எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிற ஆளை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். சிபாப் மிஷின் ரூமில் இருக்கிற காற்றைத்தான் உறிஞ்சி மூக்குக்கு அனுப்புகிறது. அதிலுள்ள ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அவரைப் பற்றி மட்டும் சொல்லவில்லை, பக்கத்தில் படுத்திருக்கிற உங்களுக்கும் அதே கதிதான். இதில் பேரம் கிடையாது.

இப்போது கம்பளிக்கு வருவோம்.

ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை 10 சென்டிமீட்டர் ஆழம் விட்டு ஊதினால் கன்னத்தில் ஓர் அழுத்தம் தெரியும் இல்லையா, ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் சிபாப் ராத்திரி முழுக்கக் காற்றை அனுப்புகிறது. ஆளுக்கு ஆள் 4-லிருந்து 20 சென்டிமீட்டர் வரை கூடக் குறைய இருக்கும். தூக்கத்தில் தளர்ந்து உட்கார்ந்துவிடுகிற தொண்டையை அந்தக் காற்று விரித்து வைக்கிறது, அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் யாருக்கும் சட்டென்று புரிவதில்லை. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் மூச்சுக்கும் தனித்தனிக் குழாய் கிடையாது. ஒரே டியூப். அப்படியென்றால் விட்ட மூச்சு எங்கே போகிறது?

இன்றைக்கு ராத்திரி நீங்களே பாருங்கள். அண்ணன் மாஸ்க் போட்டு மிஷினை ஓடவிட்ட பிறகு, மாஸ்க்கின் முன்பக்கம் டியூப் சேருகிற முழங்கை மாதிரி வளைவுக்கு எதிரே உங்கள் புறங்கையைக் காட்டுங்கள். சில்லென்று காற்று அடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தின மாதிரி சின்னச் சின்ன ஓட்டைகள் தெரியும். சில மாடலில் வலை மாதிரி இருக்கும். அது பழுது இல்லை. வேண்டுமென்றே வைத்த ஓட்டை. அழுத்தம் 10 இருந்தால் நிமிடத்துக்கு 30 லிட்டருக்கு மேல் காற்று அது வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். படுத்திருக்கிற மனிதன் நிமிடத்துக்கு இழுத்து விடுவதோ ஆறேழு லிட்டர்தான். அந்த ஓட்டம்தான் அவர் விட்ட மூச்சை மாஸ்க்கிலிருந்து அலசி வெளியே தள்ளுகிறது. நம் ரூம் காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம் சுமார். விட்ட மூச்சில் அது 4 சதவீதத்துக்கு மேல், அதாவது நூறு மடங்கு.

அண்ணன் சொன்ன பாதி இங்கே சரியாகிறது. மிஷின் கம்பளிக்கு வெளியே இருந்து, கரண்ட்டும் இருந்து, கம்பளி மாஸ்க் மேல் லேசாகக் கிடந்தால், அவர் இழுப்பது பெரும்பாலும் டியூப் காற்றுதான். கம்பளிக்குள் தேங்கிய காற்று இல்லை. அதனால் ஒரு ராத்திரி நீங்கள் கண் அயர்ந்துவிட்டால் ஏதோ ஆகிவிடும் என்று இதயம் அடித்துக்கொள்ள வேண்டாம்.

மீதிப் பாதிதான் எனக்குக் கவலை. கம்பளி லேசாகவே கிடக்கும் என்று யார் உத்தரவாதம் தருவது? நம் மலைக் கம்பளி என்ன கனம் கனக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆள் ஒருக்களித்துப் படுக்கும்போது அது மடிந்து அந்த ஓட்டைகளின் மேல் அமர்ந்துவிட்டால், அலசிவிடுகிற ஓட்டம் குறைந்துபோகும், விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். இன்னொன்று கரண்ட். உங்கள் பக்கம் காற்றடித்து மரம் சாய்ந்தால் கரண்ட் போவது புதிதா? மிஷின் நின்றதும் முழு மாஸ்க்கில் ஒரு சின்ன வால்வு திறந்துகொள்ளும், வெளிக்காற்றை இழுத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. ஆனால் அந்த வால்வு திறப்பது கம்பளிக்கு உள்ளே! அங்கே இருப்பது ராத்திரி முழுக்க அவர் விட்ட மூச்சுதான். அண்ணன் "வெளிக்காத்து" என்று நம்புகிற காற்று அந்த நேரத்தில் வெளிக்காற்றாக இருக்காது.

போதாததற்கு, மூடின இடம் வெதுவெதுப்பாகி முகம் வேர்க்கும். வேர்த்த முகத்தில் மாஸ்க்கின் சிலிக்கோன் ரப்பர் வழுக்கும். மாஸ்க் நகர்ந்து புஸ்ஸென்று காற்று கண்ணுக்கு அடிக்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து பட்டையை இறுக்குவார். காலையில் மூக்குத் தண்டில் சிவப்புத் தழும்பு இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் நான் சொல்வது நடக்கிறது என்று அர்த்தம்.

ஆக, கம்பளி தாடை வரைக்கும். அந்த ஓட்டைகள் எப்போதும் வெளியே.

சொல்வது சுலபம். தேவிகுளத்தில் தலை திறந்து படு என்று போடியில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது இன்னும் சுலபம். இங்கே மார்கழியிலும் எங்கள் வீட்டு ஃபேன் ஒன்றாம் நம்பரில் ஓடுகிறது. உங்கள் பக்கத்திலோ செண்டுவாரை, லெட்சுமி எஸ்டேட்டில் சில வருடம் ஜனவரியில் புல் மேல் உறைபனி வெள்ளையாகப் படிகிறது. பிறந்ததிலிருந்து தலை மூடித் தூங்கியவரிடம் போய் அதை விடு என்றால் கம்பளியை விட மாட்டார், மாஸ்க்கைத்தான் விடுவார். மணிக்கு 30-க்கு மேல் மூச்சுத் தடை என்பது கடுமையான வகை. 38 உள்ளவர் மாஸ்க்கை விடுவதை நான் விரும்பவே மாட்டேன். எனவே அவருக்கு ஏன் குளிர்கிறது என்று பார்ப்போம். தலை குளிர்கிறது, அது ஒன்று. ஆனால் அவரை உண்மையில் வதைப்பது மூக்குக்குள் போகிற காற்று. அதைச் சூடாக்கினால் கம்பளி தானாக இறங்கும்.

டியூபில் களக் களக் என்று கேட்பது என்ன தெரியுமா? மிஷினில் இருக்கிற தண்ணீர் டப்பா சூடாகி, காற்று ஈரத்தோடு கிளம்புகிறது. 27 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று 25 கிராம் ஈரத்தைச் சுமக்கும். அது விறைத்துக் கிடக்கிற டியூபில் ஒன்றே முக்கால், இரண்டு மீட்டர் பயணம் போகும்போது 10 டிகிரிக்கு இறங்கிவிட்டால், 10 கிராம் கூடச் சுமக்க முடியாது. மிச்சம் எல்லாம் டியூப் சுவரில் வேர்த்து வழியும். காலையில் டீ கிளாஸ் மூடியின் உள்பக்கம் துளிர்க்கிறதே, அதேதான். மதுரையில் ரூம் 28 டிகிரியில் இருக்கும்போது வைத்த ஈர அளவு உங்கள் ரூமுக்குப் பொருந்தவில்லை. மிஷினில் கோளாறு இல்லை.

எனவே டியூபுக்குப் போர்த்துங்கள், அண்ணனின் முகத்துக்கு வேண்டாம். பேரனுக்குச் சின்னதாகிப்போன ஸ்வெட்டரோ, பழைய ஃபிளானல் துணியோ இருந்தால் போதும். டியூப் நீளத்துக்கு, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் நீளமான உறை வரும். டியூபைக் கழற்றிக் கழுவ வேண்டுமே, அதனால் முழுக்கத் தைத்து மூடாமல் இடையிடையே பட்டன் அல்லது ஒட்டுப்பட்டை வையுங்கள். மாஸ்க் பக்கம் உறை முடிகிற இடம் அந்த ஓட்டைகளுக்கு நாலு விரல் முன்னாலேயே நிற்கட்டும். கம்பெனி செய்த உறையும் விற்கிறார்கள், ஆனால் ஸ்வெட்டர் கைக்கு அது ஒன்றும் மேலில்லை. குமுளியிலிருந்து வருகிற என் நோயாளியின் மனைவி ஒருவர், பேத்தி ஸ்வெட்டரின் இரண்டு கையையும் சேர்த்துத் தைத்து, மிச்ச நீளத்துக்குக் கால்சட்டைக் கம்பளியை ஒட்டுப்போட்டுக் கொண்டுவந்து காட்டினார். எதையோ விழுங்கின பாம்பு மாதிரி இருந்தது. வேலை செய்தது.

காசு செலவழிக்க முடியும் என்றால், உள்ளேயே சூட்டுக் கம்பி ஓடுகிற டியூப் வருகிறது. உங்கள் மிஷின் மாடலுக்கு அது பொருந்துமா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும், எல்லா மிஷினுக்கும் ஏறாது. மலையில் இருக்கிறவர்களுக்கு நான் கூச்சமில்லாமல் சிபாரிசு செய்கிற ஒரே கூடுதல் செலவு இதுதான்.

அடுத்து, மிஷினை எங்கே வைத்திருக்கிறீர்கள்? வண்டிப்பெரியாறிலிருந்து வந்த ஒரு ஜீப் டிரைவர், தலைமாட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் மிஷினை வைத்திருந்தார். மரியாதையான இடம்தான். டியூபில் சேர்ந்த தண்ணீர் அத்தனையும் மேலிருந்து இறங்கி அவருக்குத் தினமும் அபிஷேகம் நடந்தது. மிஷின் எப்போதும் தலையணையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேர்த்த நீர் டப்பாவுக்கே திரும்பும். ஒரு சின்ன ஸ்டூல் போதும். சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள், தரைக் குளிர் ஏறும், தூசியும் இழுக்கும். சுவரிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். கம்பளி நுனி வழுக்கி மிஷின் மேல் விழுந்தால் காற்று இழுக்கிற வாய் அடைபடும், மிஷினும் சூடேறும். அந்த வாயில் இருக்கிற ஃபில்டரை வெளியே எடுத்துப் பாருங்கள். கம்பளி வீட்டில் அது மாதத்துக்குள் சாம்பல் பூத்துவிடும். மாற்றுங்கள்.

இவை செய்தும் டியூபில் தண்ணீர் தேங்கினால், ஈர அளவை ராத்திரிக்கு ஒரு எண்ணாகக் குறைத்து வாருங்கள். சத்தம் நிற்கிற எண்ணும் மூக்கு காய்ந்து எரியத் தொடங்குகிற எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நடுவில் நிறுத்துங்கள். மழைக்காலம் வந்தால் மறுபடி மாறும். இதற்கு டாக்டரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அழுத்த எண்ணை மட்டும் தொடாதீர்கள், அது எங்கள் வேலை. டப்பாவில் ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர்தானே? மலை ஊற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம், டப்பாவுக்கு வேண்டாம், உப்புப் படியும். காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட்டுக் காயவையுங்கள். டப்பாவில் தண்ணீரோடு மிஷினை நகர்த்தவோ சாய்க்கவோ கூடாது, மோட்டாருக்குள் போய்விடும்.

டியூபைக் கம்பளிக்கு மேலே விடுவதா, உள்ளே விடுவதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். புரண்டு புரண்டு படுக்கிற ஆளாக இருந்தால் மேலே. தலைமாட்டுச் சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரு துணி நாடாவைத் தளர்வாகக் கட்டி, டியூப் அதன் வழியாகத் தலைக்கு மேலிருந்து இறங்கட்டும். இரண்டு பக்கம் திரும்பினாலும் எட்டுகிற அளவு தொய்வு வைத்தால் மாஸ்க்கை இழுக்காது. ஆனால் அங்கே டியூப் குளிரில் தொங்குகிறது, ஸ்வெட்டர் உறை இல்லாமல் அது சரிப்படாது. அண்ணன் போட்ட இடத்தில் கிடக்கிற ஆளென்றால் டியூபை அவர் நெஞ்சோடு ஒட்டிக் கம்பளிக்குள்ளேயே விடுங்கள். உடம்புச் சூடு டியூபுக்கு ஏறும், தண்ணீர் தேங்குவது பாதி குறையும். கம்பளிக்குள் இருக்க வேண்டியது டியூப்தான். ஓட்டை இல்லாத சாதா டியூபை எவ்வளவு மூடினாலும் ஒன்றும் ஆகாது. மடிந்து முறுக்கிக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனித் தலை. உங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு மங்கி குல்லா இருக்குமே, அதை எடுங்கள். முகம் திறந்து, காது, கழுத்து, தாடைக்கு அடி எல்லாம் மூடுகிற மாதிரி. முதலில் மாஸ்க் பட்டையை மாட்டி, அதற்கு மேல் குல்லாவைத் தளர்வாக இழுத்துவிடுவது நல்லது. குல்லாவுக்கு மேல் பட்டையைப் போட்டால் கம்பளி நூலில் பட்டை வழுக்கும், ராத்திரியில் மாஸ்க் இடம் மாறும். குல்லாவின் விளிம்பு மாஸ்க்கின் ரப்பருக்கும் கன்னத்துக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது, காற்று கசியும். கழுத்துக்கு ஒரு மப்ளர், தோளுக்கு ஒரு சால்வை. கனமான கம்பளி நெஞ்சு வரைக்கும், அதற்கு மேல் சால்வைதான். கனம் மேலே ஏறினால்தான் ராத்திரியில் அது முகத்துக்குப் போகும். ஓரத்தைத் தோளுக்கு அடியில் செருகிவிட்டால் இன்னும் நல்லது.

காலுக்கு உறை போடுங்கள். கால் சூடானால் தூக்கம் சீக்கிரம் வரும் என்பது பாட்டி வைத்தியம் மட்டுமில்லை, ஆராய்ச்சிக்காரர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கி, அவர் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சுகர்காரருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெந்து கொப்புளம் வருகிற வரைக்கும் தெரியாது. அதனால் பையோடு தூங்க விடாதீர்கள்.

ஒரு சந்தேகம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கிற பழக்கம் அண்ணனுக்கு உண்டா? மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதி ஆண்களுக்கு உண்டு. எண்ணெய் நெற்றிக்கும் கன்னத்துக்கும் இறங்கினால் மாஸ்க் ஒட்டாது. ரப்பரும் சீக்கிரம் பாழாகும். எண்ணெயைக் காலைக் குளியலுக்கு மாற்றிக்கொள்ளட்டும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கட்டும். மூக்கடைப்புக்கு மாஸ்க்குக்கு அடியில் தைலம் தடவுகிறவர்களும் உண்டு. காற்று அதைக் கண்ணுக்கு ஊதிவிடும், வேண்டாம். உப்புத் தண்ணீர் சொட்டு போதும். மீசை பெரிய மீசையாக இருந்தால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. காற்று கசிகிற இடம் மீசைக்கு அடியில்தான் என்று அவரே கண்டுபிடிப்பார்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஓட்டைக் காற்று உங்கள் பக்கம் திரும்பி ராத்திரி முழுக்கக் கழுத்தில் அடிக்கிறதா? கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் நிறையப் பெண்கள் ஓ.பி.யில் என்னிடம் மெதுவாகச் சொல்கிற குறை இது. அவரைக் கம்பளிக்குள் மூட விடுவது உங்களுக்கும் ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம்! இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தலையணையை நிமிர்த்தி வையுங்கள், அல்லது படுக்கிற பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காற்றைச் சிதறடித்து விடுகிற மாஸ்க்கும் இருக்கிறது, அடுத்த முறை மாற்றும்போது கேளுங்கள்.

கரண்ட் போகிற ராத்திரிக்கு இன்வெர்ட்டர் இருந்தால் நல்லது. சூடாக்குகிற தண்ணீர் டப்பாவும் சூட்டு டியூபும்தான் பேட்டரியை அதிகம் குடிக்கும். அவற்றை நிறுத்திவிட்டால் மிஷின் மட்டும் நிறைய நேரம் ஓடும். இன்வெர்ட்டர் இல்லையென்றால், மிஷின் நின்றதும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுக்கட்டும். நின்ற மிஷினில் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தூங்குவது மட்டும் கூடாது.

அண்ணனுக்கு மாஸ்க் மேல் இன்னும் கோபம் இருந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர் இந்த வைத்தியத்தைத் தொடங்கியபோது, வேக்குவம் கிளீனரின் மோட்டாரைத்தான் காற்றுக்கு வைத்துக்கொண்டார். ஆளின் மூக்குக்கு அச்செடுத்து மாஸ்க் செய்து, தினம் ராத்திரி அதைப் பசை போட்டு முகத்தில் ஒட்டி, காலையில் உரித்து எடுக்க வேண்டும். அந்தச் சத்தத்தில், அந்தப் பசையோடு படுத்துத் தூங்கிய மனிதர்கள் உண்டு. முதல் தடவையாகத் தூக்கம் என்றால் என்னவென்று தெரிந்ததால் பொறுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் போர்வை விஷயம். காலைத் தலை பாரம் விஷயத்தை நான் போர்வையோடு மட்டும் முடிச்சுப் போட மாட்டேன். பத்து நாள் தாடை வரைக்கும் மட்டும் போர்த்திப் பாருங்கள். தலை பாரம் போய்விட்டால் சரி. போகவில்லை என்றால் அது காற்று கசிவாக இருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம், பழைய பீடியால் நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு தங்குகிற நிலையாகவும் இருக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கையில் ரத்தம் எடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும், கடிதத்தில் முடியாது. இன்னொன்று, பரிசோதனை நடந்தது மதுரைச் சமவெளியில், அவர் தூங்குவது 1,500 மீட்டருக்கு மேல். புது மிஷின்கள் உயரத்துக்குத் தக்கபடி தாமே சரிசெய்துகொள்ளும். பழைய மிஷின் சிலவற்றில் கையால் மாற்ற வேண்டும். உங்களுடையது எது என்று மிஷினின் புத்தகத்தில் பாருங்கள். பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுகிறார், உதடு நீலம் பாய்கிறது, கால் வீங்குகிறது, எழுப்பினாலும் மந்தமாக இருக்கிறார் என்றால் பத்து நாள் காத்திருக்க வேண்டாம், உடனே மலை இறங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.

இல்லையென்றால் பொங்கல் கழித்து, மூச்சு வைத்தியம் பார்க்கிற உங்களுக்குத் தோதான டாக்டரிடம் காட்டினால் போதும். பெரும்பாலான மிஷின்களில் ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், அதைக் கழற்றிப் பர்ஸில் வைத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை மணி நேரம் போட்டார், எவ்வளவு காற்று கசிந்தது, மூச்சுத் தடை மணிக்கு எத்தனையாகக் குறைந்தது என்று ஒவ்வொரு ராத்திரியும் அதில் பதிந்திருக்கும். அண்ணன் மூடிப் படுத்த ராத்திரிகளையும் நீங்கள் இரண்டு மணிக்கு இறக்கிவிட்ட ராத்திரிகளையும் ஒரு காலண்டரில் குறித்து வையுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் டாக்டர் சொல்வதற்கு முன் அவருக்கே தெரிந்துவிடும். மாஸ்க்கையும் மங்கி குல்லாவையும் சேர்த்து எடுத்து வரச் சொல்லுங்கள், பட்டையை மாட்டி, அதற்கு மேல் குல்லாவையும் போட்டுப் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்ய வேண்டும்.